நாலாவது லெவல் மூச்சு

அம்மா வேலை முடிஞ்சு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்துச்சு. அதுக்குள்ள உலகத்துல இருக்கிற எல்லாரோட போனையும் பிடுங்கித் தண்ணில போட முடியுமான்னு அவ யோசிச்சுட்டு இருந்தா. பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுட்டு, வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருந்தா. கையில போன். வீடியோவை அழிச்சாச்சு. ஆனா அழிக்கிறதுக்குள்ள அது ஆயிரம் பேர் கைக்குப் போயிடுச்சு. அழிச்சதே இப்போ பெரிய விஷயமாகி, "ஏன் அழிச்சா, ஏன் அழிச்சா"ன்னு இன்னும் ரெண்டாயிரம் பேர் தேடிட்டு இருந்தாங்க.

பதினாறு வயசுல அவ எத்தனையோ தப்பு பண்ணியிருக்கா. எல்லாமே திட்டு வாங்கிட்டு மறந்துடற தப்பு. இது அந்த வகையில சேராது.

இத்தனைக்கும் அப்பாவுக்கு நல்லது பண்ணணும்னுதான் ஆரம்பிச்சா.

அவ அப்பா சத்தம் போடுறவர். கத்துறவர்னு நினைச்சுடாதீங்க, அந்த மனுஷன் பூனையைக்கூட "கொஞ்சம் நகந்துக்கோம்மா"ன்னுதான் சொல்வாரு. வாஷிங் மிஷின் துவைச்சு முடிச்சதும் குட்டியா ஒரு பாட்டு பாடும்ல, லிஃப்ட் கதவு திறக்கும்போது 'டிங்'னு ஒண்ணு கேக்கும்ல, அதெல்லாம் செஞ்சு கொடுக்கிறதுதான் அவர் வேலை. வீட்டுல ஒரு ஸ்டோர் ரூம். சுவர் முழுக்கப் பழைய கம்பளி தொங்கும். நடுவுல கம்ப்யூட்டர், பக்கத்துல துணி அலமாரி. "ஊர்ல பாதி வீட்டுல எங்கப்பா மியூசிக்தான் ஓடுது, ஈரத்துணியோட"ன்னு அவ ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிச் சிரிப்பா.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி அவர் ஒரு கேம் கம்பெனில இருந்தாரு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி. கையில பிடிச்சு விளையாடுற சின்ன மிஷின், அதுல ஒரு பென்குயின் பனிக்கட்டி மேல ஓடிட்டே இருக்கும். அந்த கேமோட நாலாவது லெவல் பேரு பனிக்குகை. அந்த மியூசிக்கை இன்னைக்கும் தலையில வச்சுக் கொண்டாடுறவங்க இருக்காங்க. காத்து ஊதும், தூரத்துல மணி மாதிரி நாலு சுரம் வரும், அப்புறம் எல்லாம் நின்னு ஒரே ஒரு மூச்சு. யாரோ பெரிய துக்கத்தை இறக்கி வச்ச மாதிரி நீளமா ஒரு பெருமூச்சு. அப்புறம் மறுபடி காத்து.

அந்த மியூசிக் அப்பா போட்டது. ஆனா எங்கேயும் அவர் பேரு கிடையாது. நல்ல ஆளுங்களை வேற கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிடுவான்னு அந்த முதலாளிக்குப் பயம். அதனால கேம் முடிஞ்சு பேரு ஓடும்போது யாரோட நிஜப் பேரும் வராது, பட்டப்பேருதான். படம் வரைஞ்சவர் பேரு எருமை. கணக்கெல்லாம் எழுதி பென்குயினை ஓட வச்சவர் தூங்குமூஞ்சி. மியூசிக்: வாத்து.

அப்பா நடக்கும்போது ரெண்டு பாதமும் வெளிப்பக்கம் போகும். அதான் வாத்து.

அந்த வருஷம் ஒன்பது நாள், யாருக்கும் தெரியாம, அந்தக் கம்பெனிக்கு ஒரு பாடகி வந்து போயிருக்காங்க. ராணின்னு சொன்னா போதும், எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்கு அந்த மாதிரி கேம் பிடிக்குமாம், ஆசைக்கு வந்து ரெண்டு மூணு சின்ன விஷயம் பாடிக் கொடுத்துட்டுப் போனாங்க. அவங்க ரெக்கார்டு கம்பெனி பேரைப் போடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. போடல. அதோட முடிஞ்சு போன கதை.

மூணு மாசம் முன்னாடி ராணி செத்துப் போனாங்க. கதை மறுபடி எந்திரிச்சு உக்காந்துடுச்சு.

பழைய முதலாளி ஒரு பேட்டி கொடுத்தாரு. "வாத்துன்னு ஒரு ஆளே கிடையாது. ராணியம்மா பேரை மறைக்கிறதுக்கு நாங்க வச்ச பேரு அது"ன்னு கூசாமச் சொன்னாரு. கேமைப் புதுசா மறுபடி வெளியிடப் போறாங்க. ராணி நினைவா ஒரு ரெக்கார்டும் வருது, அதுல பனிக்குகையும் ஒண்ணு. அவர் ஏன் சொல்ல மாட்டாரு? ராணி ரசிகர்களும் ஒத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒரே சாட்சி போதும்: அந்த மூச்சு. ராணி பாட்டுல வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க, அது வேற யாருக்கும் வராது. பனிக்குகைல இருக்கிறதும் அதேதான். தீர்ந்துச்சு கேஸ்.

அப்பா ஒரு கடிதம் எழுதினாரு. வாழ்க்கைல அவரா கேட்டது அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். புதுசா வர்ற கேம்ல வாத்துங்கிற இடத்துல என் நிஜப் பேரைப் போடுங்க, வேற எதுவும் வேணாம்னு. ஆதாரம் அனுப்புங்கன்னு ஒரே வரில பதில் வந்துச்சு.

"அனுப்புங்கப்பா. உங்ககிட்ட பழைய ஃபைல் எல்லாம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்போ அனுப்ப வேண்டியதுதானே?"

"பாக்கலாம்டா."

"அந்த மூச்சு யாருதுன்னு மட்டும் சொல்லிட்டா வாயை மூடிட்டுப் போயிடுவாங்கப்பா. ராணிதா?"

"இல்ல."

"அப்புறம் யாருது?"

"ஒரு சவுண்டு. அவ்ளோதான். போய்ப் படி."

பாக்கலாம் பாக்கலாம்னே மூணு வாரம் ஓட்டினாரு. இங்க இவளுக்கு ரத்தம் கொதிச்சுட்டு இருந்துச்சு. 'குட்டிவாத்து'ன்னு பேரு வச்சுக்கிட்டு ரசிகர்கள் கூட்டத்துல புகுந்து ஒத்தையா மல்லுக்கு நின்னா. "எங்கப்பாதான் வாத்து"ன்னு சொன்னதுக்கு ஒருத்தன், "எங்கப்பாதான் பென்குயின், தள்ளு"ன்னு எழுதினான். அதுக்கு எண்ணூறு பேர் சிரிச்சிருந்தாங்க. ஒருத்தி, இவ பெருமையா சொன்னதை வச்சு, அப்பாவோட வாஷிங் மிஷின் பாட்டைத் தேடி எடுத்துப் போட்டு, "பனிக்குகை போட்ட மகான் இப்போ ஜட்டி துவைக்கிறாரு"ன்னு எழுதினா. அதை அப்பா பாத்துட்டாரு. அன்னைக்கு சாப்பிடும்போது, "சரியாத்தான் சொல்றாங்க, ஜட்டியும் துவைக்கும்"னாரு. அவளுக்கு அழுகை வந்துடுச்சு.

அதான் இன்னைக்கு, ஸ்கூல் லீவு, அப்பா மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசந்த நேரத்துல, ஸ்டோர் ரூமுக்குள்ள போனா.

தேட வேண்டியதே இல்ல. அப்பா எல்லாத்தையும் ஒழுங்கா வச்சிருப்பாரு. பனிக்குகைன்னு ஒரு ஃபோல்டர். உள்ள ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு ஃபைல். 'டேபிள் ஃபேன்' போட்டா, அதான் பனிக்காத்து. 'கண்ணாடி டம்ளர்', அதான் மணி. 'கரண்டி', அது பென்குயின் சறுக்குற சத்தம். எல்லாமே அவங்க வீட்டுச் சாமான். கடைசியா ஒரு ஃபைல், அதுக்கு மட்டும் பேரு இல்ல. தேதி மட்டும் இருந்துச்சு.

போட்டா. அரை நொடி கூட இல்ல. கைக்குழந்தை ஒண்ணு மூக்கடைச்சுக்கிட்டுத் தூங்கும்போது விடுமே, 'ஹ்ஹும்'னு, அது.

ஏதோ தப்பான ஃபைல்னு நினைச்சா. அப்புறம் அப்பா எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. அந்த மிஷின்ல இடம் ரொம்பக் கம்மி. நீளமான சத்தத்தை உள்ள வைக்க முடியாது. அதனால சின்னதா ஒரு சத்தத்தை எடுத்து மெதுவா ஓட விடுவாங்க. மெதுவா ஓடினா நீளமாகும், குரலும் கனமாகும். எலி கத்துறது புலி மாதிரி கேக்கும்னு சொல்லிச் சிரிச்சாரு. அவ அந்த ஃபைலை மூணு மடங்கு மெதுவா ஓட விட்டா.

ராணி பெருமூச்சு விட்டாங்க.

யாரோட குழந்தைன்னு ஒரு நொடி கூட யோசிக்கல, அதைச் சொல்லணும். எருமை வீட்டுக் குழந்தையோ தூங்குமூஞ்சி வீட்டுக் குழந்தையோன்னு நினைச்சிருப்பா. வீடியோ செஞ்சா. முதல்ல மெதுவா ஒரு தடவை, அப்புறம் நிஜ வேகத்துல ஒரு தடவை. மேல எழுதினா: "உங்க ராணி என்ன கைக்குழந்தையா? சளி பிடிச்சிருக்கு, மருந்து கொடுங்க."

மணி ஒண்ணேகால். பொத்தானை அமுக்கினா.

ரெண்டு மணிக்குள்ள பத்திக்கிச்சு. ஆனா அவ நினைச்ச மாதிரி பத்தல. யாரும் வாத்தைப் பத்திப் பேசல. அந்த 'ஹ்ஹும்'தான் எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. ஒருத்தன் அதையே தாளமாப் போட்டு டான்ஸ் ஆடினான். ஒருத்தி பன்னி படம் போட்டு அதுக்கு இந்தச் சத்தம் வச்சா. 'மூக்கடைச்ச ராணி'ன்னு ஒரு பாட்டே வந்துடுச்சு, ஹ்ஹும், ஹ்ஹும், ஹ்ஹும்னு. அவளும் சிரிச்சா. நிஜமா, வயிறு வலிக்கச் சிரிச்சா. சிரிப்பு சத்தத்துலதான் அப்பா எந்திரிச்சு வந்தாரு.

"என்னடி வாலு, தனியா சிரிக்கிற?"

அவ போனைத் திருப்பிக் காட்டினா. பன்னி வீடியோ ஓடிட்டு இருந்துச்சு.

அப்பா கத்தல. அவர் கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தாரு. "நிறுத்து"ன்னாரு. அவ நிறுத்தறதுக்குள்ள அது இன்னும் நாலு தடவை ஹ்ஹும்னு சொல்லிடுச்சு.

"உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்னு அம்மா சொல்லியிருக்கா இல்ல?"

சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு தடவை, தலை வாரிவிடும்போது. "உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். நாலு மாசம். காய்ச்சல்ல போயிட்டான். இனிமே அதைப் பத்திக் கேக்காத." அவளும் கேக்கல. அவன் பேரு கூட அவளுக்குத் தெரியாது.

அப்பா தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. பனிக்காத்துக்கு டேபிள் ஃபேன் சத்தம் வேணும்னு கம்பெனி மைக்கை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்காரு. அந்த ஃபேன் குழந்தை தூங்குற ரூம்ல இருந்துச்சு. பதிவு பண்ணிட்டு ஆஃபீஸ்ல போட்டுக் கேட்டா, ஃபேனுக்கு நடுவுல இவன் மூச்சு. வெட்டித் தூக்கி ஓரமா வச்சிருக்காரு. அப்புறம் மூணாவது வாரம்தான் அந்தக் காய்ச்சல்.

"அம்மா எல்லாத்தையும் கொடுத்துடச் சொல்லிட்டா. தொட்டில், சட்டை, போட்டோ, ஒண்ணும் கண்ணுல படக் கூடாதுன்னா. நான் எல்லாத்தையும் கொடுத்துட்டேன். இது கண்ணுல படறது இல்லையே, அதான்..." கட்டில் விரிப்பை இழுத்துச் சரி பண்ணினாரு. "பனிக்குகை அதுக்கப்புறம்தான் போட்டேன். முழுசா நான்தான். ராணியம்மாகிட்ட மட்டும் ஒரு நாள் சொன்னேன். இது யாரு மூச்சுன்னு அவங்கதான் கேட்டாங்க. வேற யாரும் கேக்கல. ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. போகும்போது என் கையைப் பிடிச்சுட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் வந்த ரெக்கார்டுலதான் அவங்க அந்த மூச்சை விட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி அவங்க பாட்டு எதுலயும் அது கிடையாது, வேணா கேட்டுப் பாரு."

"அப்போ ராணி அதை அண்ணன்கிட்டேருந்துதான்..."

அண்ணன். வாயில வந்த பிறகுதான் அவளுக்கே உறைச்சுது. அந்த வார்த்தையை அவ யாருக்கும் சொன்னதில்ல.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

அப்பா தலையை ஆட்டினாரு. தெரியாது.

அதான் பாத்ரூம். அதான் வாளி. அம்மா பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்காங்க. அங்க முன்னாடி உக்கார்ற பொண்ணு கண்ணைப் போன்லேருந்து எடுக்கவே மாட்டா. ஆறு மணிக்குள்ள அம்மா காதுல விழாம இருக்கணும். அவ்வளவுதான் கேட்டா, யார்கிட்ட கேக்கறோம்னு தெரியாமலே.

அஞ்சரைக்கே வெளிக்கதவு திறந்துச்சு.

அம்மா செருப்பைக் கழட்டல. பச்சைக் கோட்டைக்கூடக் கழட்டல. நடு ஹால்ல நின்னாங்க.

"யாரு வச்சிருந்தது?"

அப்பா ஸ்டோர் ரூம் வாசல்ல நின்னாரு. அவ பாத்ரூம் வாசல்ல.

"அந்தப் பொண்ணு சிரிச்சுச் சிரிச்சுப் போட்டுட்டு இருந்தா. நான் டாக்டருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்துட்டு இருந்தேன்." அம்மா குரல் ரொம்பச் சாதாரணமா இருந்துச்சு. "மூக்கடைச்சிருந்த வாரம் அது. மூக்குல ரெண்டு சொட்டு விட்டுட்டுத் தூங்க வைப்பேன். வலது பக்கம்தான் ரொம்ப அடைப்பு. யாருங்க வச்சிருந்தது?"

"நான்தான்."

"பத்தொன்பது வருஷமா?"

"நீதானே எதுவும் வேணாம்னு..."

"சொன்னேன். நான் அப்போ என்னென்னவோ சொன்னேன். கிணத்துல விழறேன்னு கூடத்தான் சொன்னேன், விட்டுடுவீங்களா?" அப்போதான் குரல் உடைஞ்சுது. "நீங்க மட்டும் கேட்டுட்டு இருந்திருக்கீங்க. தனியா. கதவைச் சாத்திக்கிட்டு."

அம்மா அவளைக் கை காட்டினாங்க. "இவ சின்னப் பிள்ளைல அந்த கேம் டப்பாவை வச்சுக்கிட்டு நாள் பூரா அதையே விளையாடுவா. தலைவலிக்குதுடி, அந்தச் சனியனை அணைச்சுத் தொலைன்னு எத்தனை தடவை கத்தியிருக்கேன். என் பிள்ளைய நானே..." முடிக்கல. அப்படியே தரையில உக்காந்துட்டாங்க, கோட்டோட.

அவ போய் அம்மா காலைப் பிடிச்சுக்கிட்டா. "தெரியாமப் பண்ணிட்டேம்மா. சத்தியமா தெரியாதும்மா."

"உனக்கு எப்படிடி தெரியும். உனக்குத்தான் நாங்க ஒண்ணுமே சொல்லலையே." அம்மா அவ தலைல கை வச்சாங்க. அப்புறம், "அந்தப் பன்னி... அந்தப் பன்னி படத்தை மட்டும் எடுக்கச் சொல்ல முடியாதா?"

முடியாது. ஒண்ணை எடுத்தா பத்து வரும்னு அவளுக்குத் தெரியும். அழுதுக்கிட்டே யோசிச்சா. எதுக்குச் சிரிக்கிறாங்க? குழந்தைங்கிறதாலதான் சிரிக்கிறாங்க. ராணி மூச்சுன்னா யாராவது சிரிப்பாங்களா? கண்ணுல ஒத்திக்குவாங்க.

"நான் ஒரு பொய் சொல்லலாம்மா," மெதுவா சொன்னா. "அது ராணி மூச்சுதான், நான்தான் வேகமா ஓட விட்டுக் குழந்தை மாதிரி ஆக்கினேன்னு. சின்னதை மெதுவாக்கினா பெருசாகுதுல்ல, பெருசை வேகமாக்கினா சின்னதாகும். நம்புவாங்க. ஆனா..." அப்பாவைப் பாத்தா. "உங்க பேரு வராதுப்பா. அப்புறம் எப்பவுமே வராது."

மாடி வீட்டுல யாரோட வாஷிங் மிஷினோ துவைச்சு முடிச்சு அப்பா பாட்டைப் பாடிட்டு நின்னுச்சு.

அம்மா அப்பாவைப் பாக்கவே இல்ல. "உங்க இஷ்டம்"னு மட்டும் சொன்னாங்க.

அப்பா வந்து அவ பக்கத்துல தரையில உக்காந்தாரு. "எழுது. மூணு மடங்குன்னு போடாத, சந்தேகப்படுவாங்க. ரெண்டே முக்கால்னு போடு. தெரிஞ்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க. கனமான கீழ் சத்தத்தையும் வெட்டினேன்னு சேர்த்துக்கோ." ஒவ்வொரு வரியா சொல்லச் சொல்ல அவ எழுதினா. பொய்யில ஒரு ஓட்டை இல்ல. அவர் செஞ்சு கொடுத்த எல்லா வேலையும் மாதிரி சுத்தமா இருந்துச்சு.

கடைசி வரி: "எங்கப்பா வாத்து இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய். மன்னிச்சுடுங்க."

அந்த வரியில அவ விரல் நின்னுடுச்சு.

"போடுடா," அப்பா சொன்னாரு. "ஜட்டி துவைக்கிறவனுக்கு எதுக்குப் பேரு."

போட்டா.

அதுக்கப்புறம் நடந்ததை விவரமா சொல்ல வேண்டாம். திட்டு வந்துச்சு, நிறைய. ஸ்கூல்ல வாத்து மாதிரி நடந்து காட்டினாங்க. பன்னி வீடியோ ரெண்டு நாள்ல காணாமப் போச்சு. அப்பா கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதி, பேரைப் போடச் சொல்லிக் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிட்டாரு. அம்மா அப்பாகிட்ட பன்னிரண்டு நாள் பேசல. பதிமூணாவது நாள் ஸ்டோர் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. உள்ளேருந்து சத்தம் ஒண்ணும் கேக்கல, ஹெட்போன் மாட்டியிருக்கணும். அப்பா வெளிய நின்னாரு, ரேஷன் கடை வரிசைல நிக்கிற மாதிரி, கையைக் கட்டிக்கிட்டு.

ராணி ரெக்கார்டு வந்துச்சு. மாசக் கடைசியில மூணு பேரும் சாமான் வாங்க சூப்பர் மார்க்கெட் போயிருந்தாங்க. சோப்புத்தூள் வரிசைல நிக்கும்போது மேல ஸ்பீக்கர்ல டேபிள் ஃபேன் ஊத ஆரம்பிச்சுது. அம்மா தள்ளுவண்டியை நிறுத்திட்டாங்க. டம்ளர் நாலு தடவை அடிச்சுது.

அப்புறம் அவன் மூச்சு விட்டான். கடை பூரா.

பக்கத்துல துணி சோப்பு எடுத்துட்டு இருந்த காலேஜ் பையன் கூட வந்தவனைத் தட்டி, "கேளுடா, புல்லரிக்குது பாரு. இந்த மாதிரி மூச்சு விட ராணியால மட்டும்தான்டா முடியும்"னான். அம்மா தன்னைப் பாத்துட்டே நிக்கிறதைக் கவனிச்சு, கொஞ்சம் கூச்சமா, "என்னக்கா, உங்களுக்கும் பிடிக்குமா?"ன்னு கேட்டான்.

"ஆமாம்பா"ன்னாங்க அம்மா.

அவனுங்க போயிட்டாங்க. அம்மா வண்டியைத் தள்ளல.

"இன்னொரு தடவை வருமா?"

"வரும்," அப்பா சொன்னாரு. "நாப்பது செகண்டுக்கு ஒரு தடவை."

மூணு பேரும் அங்கேயே நின்னாங்க. அவ சும்மா ஒரு சோப்புத்தூள் பாக்கெட்டைக் கையில எடுத்து, பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிக்கிற மாதிரி வச்சுக்கிட்டா.